பழைய டெஸ்க்டாப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்: யுஎஸ்பி 3.0 கார்டா, இ-சாட்டா கார்டா?

ஜி41 போர்டு (இன்டெலின் பழைய ஜி41 சிப்செட் கொண்ட மதர்போர்டு) போட்ட டெஸ்க்டாப் ஒன்று வீட்டில் இன்னும் நன்றாக ஓடுகிறது, ஆனால் அதில் இருப்பது யுஎஸ்பி 2.0 மட்டும். குடும்பப் படங்களையெல்லாம் சேர்த்துவைக்க 4 டிபி, 3.5 அங்குல டிஸ்க்கை ஒரு கேஸில் போட்டு வெளியே மாட்டலாம் என்று பார்த்தால், யுஎஸ்பி 2.0-வில் நொடிக்கு 35 எம்பி வருவதே பெரிய விஷயம். டிஸ்க் நிரம்ப ஏறக்குறைய 32 மணி நேரம் ஆகும். அதே டிஸ்க் 150 எம்பி வேகத்தில் எழுதினால் ஏழரை மணி நேரம்தான். அதனால் யுஎஸ்பி 3.0 அல்லது இ-சாட்டா (உள்ளே டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்பின் வெளி வடிவம்) போர்ட் தரும் ஒரு கார்டு போட்டே ஆக வேண்டும். ஆனால் கார்டைத் தனியாக, கேஸைத் தனியாக யோசித்து வாங்காதீர்கள். இரண்டும் ஜோடி.

முதலில் ஸ்லாட். பழைய பிசிஐ ஸ்லாட் மட்டும்தான் காலி என்றால் இந்தச் செலவே வேண்டாம், அதன் மொத்த வேகமே 133 எம்பி, அதையும் மற்ற கார்டுகளோடு பங்கு போட வேண்டும். ஜி41 போர்டுகளில் உள்ள சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் x1 ஸ்லாட் முதல் தலைமுறை, 250 எம்பி வரை தாங்கும். சுழலும் டிஸ்க்குக்கு அது போதும். எஸ்எஸ்டி மாட்டினால் அதன் வேகத்தில் பாதிகூட வராது.

இ-சாட்டாவின் பலம், டிஸ்க்கின் சாட்டா மொழியை யுஎஸ்பிக்கு மாற்றும் மொழிபெயர்ப்பாளர் யாரும் நடுவில் இல்லை என்பது. மதர்போர்டில் நேராக மாட்டியது போலவே டிஸ்க் தெரியும், ஸ்மார்ட் விவரங்கள் (டிஸ்க் தன் ஆரோக்கியத்தைப் பற்றித் தானே தரும் அறிக்கை) முழுதாக வரும், வேகமும் குறையாது. ஆனால் அந்தக் கேபிளில் மின்சாரம் வராது, கேஸுக்குத் தனி அடாப்டர் வேண்டும் (3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் எப்படியும் தேவை என்பதால் இதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்). பெரிய குறை வேறு: அந்த டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய் வேறொருவர் லேப்டாப்பில் மாட்ட முடியாது, இ-சாட்டா போர்ட் இன்று எதில் இருக்கிறது? கார்டு வாங்காமல், உள்ளே இருக்கும் சாட்டா போர்ட்டைப் பின்பக்கம் இழுத்துவரும் பிராக்கெட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஜி41-உடன் வரும் சாதாரண ஐசிஎச்7 சிப்பில் (சாட்டா போர்ட்டுகளைக் கவனிக்கும் சிப்) ஏஎச்சிஐ, அதாவது டிஸ்க்கை ஓடும்போதே மாட்டிக் கழற்ற உதவும் சாட்டா முறை, கிடையாது, ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவதை நம்ப முடியாது.

யுஎஸ்பி 3.0 பக்கம் வந்தால், கேஸுக்குள் இருந்து சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் பிரிட்ஜ் சிப்தான் எல்லாமே. அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று பார்ப்பதற்கு முன்னால் சிப் பெயரைக் கேளுங்கள். ஏஎஸ்எம்1153இ, ஜேஎம்எஸ்578 போன்றவை யுஏஎஸ்பி (யுஎஸ்பி வழியே டிஸ்க்குக்குப் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) தெரிந்தவை, சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் போகும்போது வித்தியாசம் தெரியும். விண்டோஸ் 8 முதல் அது தானாகவே கிடைக்கும். விண்டோஸ் 7 என்றால் யுஎஸ்பி 3.0-க்கே டிரைவர் போட வேண்டும்.

இந்தச் சிப்பால் எனக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் படங்கள் நிரப்பிய கேஸின் அடாப்டர் ஒருநாள் செத்துவிட்டது. டிஸ்க்கை வெளியே எடுத்து நேராக மதர்போர்டில் மாட்டினேன், ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, வேண்டாம் என்று நிறுத்தினேன். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் விண்டோஸ் எக்ஸ்பியிலும் தெரியட்டும் என்று சில பிரிட்ஜ் சிப்புகள் 512 பைட் செக்டரை (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) 4096 பைட் என்று காட்டும். அந்தக் கணக்கில் எழுதிய பார்ட்டிஷன், கேஸை விட்டு வெளியே வந்தால் படிக்கப்படாது. 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கிப் பழைய கேஸிலேயே மாட்டியதும் எல்லாப் படங்களும் அப்படியே இருந்தன. இ-சாட்டாவில் இந்தத் தொல்லையே இல்லை. யுஎஸ்பி கேஸ் வாங்கினால், டிஸ்க்கில் எதையும் போடுவதற்கு முன் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் டிஸ்க்ஸ் பகுதிக்குப் போய் பைட்ஸ்/செக்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 4096 காட்டி, டிஸ்க் பெட்டியில் 512 என்று போட்டிருந்தால், கேஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே டிஸ்க் வைத்திருப்பவருக்கு யுஎஸ்பி 3.0 கார்டைத்தான் சொல்வேன். கம்ப்யூட்டர் கெட்டுப்போன அன்று எந்த மெஷினிலும் மாட்ட முடிகிற டிஸ்க்தான் பேக்கப். மேசையை விட்டு நகராத டிஸ்க், அதன் ஆரோக்கியத்தை அடிக்கடி பார்ப்பவர் என்றால் மட்டும் இ-சாட்டா.

கார்டில் ரெனிசாஸ் 720202 அல்லது வியா விஎல்805 சிப் இருந்தால் போதும். அப்புறம், பவர் கனெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 3.3 வோல்ட்டும் 12 வோல்ட்டும்தான் வரும், யுஎஸ்பிக்கு வேண்டிய 5 வோல்ட் வராது. பின்னாளில் அடாப்டர் இல்லாத 2.5 அங்குல டிஸ்க்கையும் மாட்ட நினைத்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) ஒரு மோலெக்ஸ் வயரை (நான்கு முனை பவர் வயர்) அந்தக் கார்டில் செருகிவிடுங்கள்.