செக் என்ஜின் லைட் எரிந்தால் உடனே கன்வெர்ட்டரைக் கழற்ற விடாதீர்கள்: குமரி மாவட்டக் கார்க்காரர்கள் கவனத்துக்கு

நம்ம பக்கம் பெட்ரோல் கார் வைத்திருக்கும் எல்லாரும் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ஸ்கேனரில் வரும் எரர் கோடை (வண்டியின் கோளாறு எண்) காட்டிப் பயமுறுத்தியே என்னிடம் 38,000 ரூபாய் கறந்துவிட்டார்கள்.

மழை கொட்டிக்கொண்டிருந்த நேரம். குழித்துறை தாண்டி மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது வண்டி உதறியது, செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னியது. பக்கத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார்கள், பி0302, பி0420 என்று இரண்டு கோட் வந்தது. "அண்ணே, கம்ப்யூட்டரே சொல்லுது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு, மாத்தாம ஓட்டினா என்ஜினே போயிரும்" என்றார்கள். என்ஜினிலிருந்து வரும் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்தான் அது. மாற்றினார்கள். லைட் அணைந்துதான் வண்டி கைக்கு வந்தது, ஆனால் உதறல் அப்படியே இருந்தது. கேட்டதற்கு, கொஞ்சம் ஓடினால் செட் ஆகிவிடும் என்றார்கள். அடுத்த வாரமே லைட் திரும்ப எரிந்தது. ஸ்கேனரில் கோடை அழித்தால் லைட் அணையத்தான் செய்யும், கோளாறு உள்ளேயே இருந்தால் கொஞ்சம் ஓடியதும் மறுபடி வரும்.

அப்புறம் தக்கலையில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (பிளக்குக்கு மின்பொறி தரும் பாகம்) கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதில் இருந்ததை இரண்டாவதுக்கு மாற்றினார், கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். இப்போது மூன்றாவது சிலிண்டரைக் காட்டும் பி0303 வந்தது. அதாவது கோளாறு காயிலோடு சேர்ந்தே நகர்ந்துவிட்டது. காயிலின் ரப்பர் உறையை விரித்துக் காட்டினார், உள்ளே மயிரிழை போல வெடிப்பு, அதை ஒட்டி கருகின தடம். காயில், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். உதறல் நின்றுவிட்டது.

பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை, பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் மிஸ்ஃபயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும், லைட் மின்னுவதே அதற்கான எச்சரிக்கைதான். மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் போய்விடும். இது தொழில் தெரிந்த யாருக்கும் தெரியும், அதனால்தான் இதைத் தெரியாமல் செய்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொன்று, எனக்கு அதைவிட ஆத்திரம் தந்தது. கழற்றிய பழைய கன்வெர்ட்டரைக் கேட்டேன், "ஸ்கிராப்புக்குப் போயாச்சு" என்றார்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பழசுக்கே நல்ல விலை உண்டு. போட்ட புதுசுக்கோ பில்லில் பார்ட் நம்பரே இல்லை.

எனவே கோட் நம்பரை நீங்களே போட்டோ எடுத்து வையுங்கள். எந்தச் சோதனை செய்து இந்தப் பார்ட் போச்சு என்கிறீர்கள் என்று கேளுங்கள், பதில் சொல்லாமல் மழுப்பினால் வண்டியை எடுத்துவிடுங்கள். கழற்றிய சாமான் கைக்கு வராமல் பணம் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். நான் பில்லோடு போடப் போகிறேன்.