அன்று ஒற்றை நட்சத்திரம், இன்று நாலு

இந்த ரத்த வங்கிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதியவன் நான்தான். அதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணு, ஏற்ற வேண்டும். அன்று ராத்திரி ஏற்ற ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம். சிஸ்டர் உடனே நிறுத்தி, மிச்சப் பையைக் குழாயோடு இங்கே திருப்பி அனுப்பினார். கெட்டுப்போன பையைத் தந்துவிட்டார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

சந்தேகப்பட்டதில் தப்பில்லை. சிவப்பணுப் பை ஃபிரிட்ஜில் இருக்கும். பிளேட்லெட்டையோ 20-24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். டோனரின் தோலிலிருந்து ஒரு கிருமி ஊசி வழியே புகுந்துவிட்டால் அந்தச் சூட்டில் அதற்குக் கொண்டாட்டம்தான். ஐந்து நாள் கெடு வைத்திருப்பதும் அதனால்தான். இங்கே டெக்னீஷியன் பையைக் கொடுக்கும் முன் விளக்கில் பிடித்து மெல்ல அமுக்கிப் பார்ப்பார். நல்ல பையில் புகை மாதிரி சுழி ஓடும். நான் கொண்டுபோன தெர்மோகோல் டப்பாவைத் திறந்து, "அண்ணே, பிளேட்லெட்டுக்கு ஐஸ் ஆகாது" என்று ஐஸை எடுத்து வெளியே வைத்தவரும் அவர்தான்.

அந்தப் பையில் கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் போட்டார்கள். ஒன்றும் வளரவில்லை. கிருமி இருந்தது அம்மாவின் நெஞ்சில் வைத்த கீமோ போர்ட்டில், அதாவது ரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதிக்கிற சின்னக் கருவியில்! போர்ட்டில் எடுத்த ரத்தத்தில், கையில் எடுத்ததைவிட மூன்று மணி நேரம் முந்தியே வளர்ந்துவிட்டதாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் முந்தினாலே போர்ட்டைத்தான் சந்தேகப்படுவார்களாம். தண்ணீர்த் தொட்டிச் சுவர் வழுக்குமே, அப்படிப் படலம் கட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் ஏற்றும் மருந்து வெளியே மிதக்கிற கிருமியைக் கொல்லும், படலத்துக்குள் இருப்பது பிழைத்துக்கொள்ளும். அதனால் மருந்தைக் கெட்டியாகக் கலந்து போர்ட்டுக்குள்ளேயே நிரப்பி, மணிக்கணக்கில் அப்படியே விட்டுவைத்தார்கள். பத்து நாள் பார்த்தும் காய்ச்சல் திரும்பி வர, போர்ட்டையே எடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் அம்மா ரசம் சாதம் கேட்டார்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது? ராத்திரி கவுன்டரில் ஒரே ஆள். பணம் கட்ட ஒரு மாடி, பை வாங்க இன்னொரு மாடி, லிஃப்ட் கிடையாது. டோனரைக் கூட்டிப் போகிறவர்கள் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். வெறும் வயிற்றோடு வந்த என் மச்சானைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு இட்லி தின்றுவிட்டு வந்த பிறகுதான் ஊசியையே எடுத்தார்கள்.