வளவுக்கு நெகட்டிவ், ஆத்தங்குடித் தரைக்கு ஸ்லைடு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடுகளைப் படமெடுக்க ஸ்லைடு பிலிம் (கழுவியதும் நேர்ப்படமே தருவது) நல்லதா, நெகட்டிவ் (நிறம் தலைகீழாகப் பதிந்து, பிரிண்ட் போட்டுப் பார்ப்பது) நல்லதா என்று கேட்பவர்களிடம், எத்தனை மணிக்கு, வீட்டின் எந்தப் பகுதியில் என்று திருப்பிக் கேட்பேன்.

உச்சிப்பொழுதில் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) என்றால் சந்தேகமே இல்லை, நெகட்டிவ். முற்றத்தில் வெயில் கொட்டும்; தாழ்வாரத்துத் தேக்குத் தூண்கள் இருட்டில் நிற்கும். ஸ்லைடு தாங்குவது ஐந்தாறு ஸ்டாப் ஒளி வேறுபாடுதான்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு. முற்றத்துக்கு ஒளி அளவெடுத்தால் தூண் கறுத்துவிடும். தூணுக்கு எடுத்தால் முற்றம் வெறும் வெள்ளை. கலர் நெகட்டிவோ இரண்டு ஸ்டாப் கூடுதல் ஒளி விழுந்தாலும் பிரிண்டில் சரிக்கட்ட இடம் தரும்.

ஸ்லைடில் அந்தச் சலுகை கிடையாது. கேமராவுக்குள் இருந்த பிலிமே கடைசிப் படம். ஸ்லைடைக் கழுவும் ஈ-6 முறையில், 38 டிகிரி செல்சியஸில் வைத்த முதல் டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்), ஒளி பட்ட இடங்களைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவாக்கும். எஞ்சிய இடங்களில்தான் அடுத்த டெவலப்பரில் நிறம் ஏறும். வெள்ளி முழுவதையும் நீக்கியதும் நேர்ப்படம் மிஞ்சும். நடுவே பிரிண்ட் போடுகிறவரின் கை இல்லை. அதனால்தான் நிழலில் கிடக்கும் ஆத்தங்குடி வண்ணத் தரைக்கல்லுக்கு ஸ்லைடைச் சொல்கிறேன். ஒளிப்பெட்டியில் வைத்தால் நிறத்துக்கு அதுவே சாட்சி. நெகட்டிவில் அந்தக் கல்லின் சிவப்பு பெரும்பாலும் ஸ்கேன் செய்தவரின் விருப்பம்.

சாட்சிகளிலும் நிறத்தை மிகைப்படுத்துகிறவர் உண்டு. 1990-இல் வந்த பியூஜி வெல்வியா ஸ்லைடு, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 50, அந்த ரகம். மாலை வெயிலில் அய்யனார் கோயில் மண்குதிரைகளுக்கு அதைவிட நல்ல பிலிம் எனக்குத் தெரியாது. கண்டாங்கிச் சேலை கட்டிய ஆச்சியின் முகத்துக்கு மட்டும் வேண்டாம், சிவந்துவிடும். இருண்ட பட்டாலைக் கூடத்தில் முக்காலி போட்டு நிதானமாக எடுப்பவருக்கும் அது தொல்லை: ஒளிபடும் நேரம் சில வினாடி தாண்டினாலே ஒளியைக் கூட்டி, பச்சைச் சாயலைப் போக்க மெஜந்தா பில்டரும் போட வேண்டும். பியூஜியின் இன்னொரு ஸ்லைடான புரோவியா 100எஃப் 128 வினாடி வரை திருத்தம் கேட்பதில்லை. வீட்டுக்குள் என் ஓட்டு அதற்கே. 2018-இல் மீண்டும் வந்த கோடக் எக்டாக்ரோம் இ100-உம் அடக்கமான நிறம்தான், கிடைத்தால் வாங்கலாம்.

எதை வாங்கினாலும் குண்டு பல்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இவையெல்லாம் பகல் வெளிச்சத்துக்கு அமைந்தவை. பல்பு ஒளியில் சுண்ணாம்புச் சுவர்கூட ஆரஞ்சாகிவிடும்.