டிசம்பர் சென்னையா, ஜனவரி திருவனந்தபுரமா?

வருஷத்துக்கு ஒரு தடவைதான் கச்சேரிக்குப் போக முடியும் என்று கேரள எல்லையோரம் இருக்கும் நம்ம நீரோடிப் பக்கத்துப் பையன்கள் கேட்கிறார்கள். சென்னையின் மார்கழி கர்நாடக இசை சீசனா, திருவனந்தபுரத்துக் குதிரமாளிகை அரண்மனையில் ஜனவரியில் நடக்கும் சுவாதி சங்கீதோற்சவமா?

செலவு: சென்னை என்றால் ரயில், லாட்ஜ், பெரிய பாடகர்களுக்கு டிக்கெட். மத்தியானக் கச்சேரிகள் பல இலவசம்தான், ஆனால் கேன்டீன் பர்ஸைக் காலி செய்துவிடும். குதிரமாளிகையில் நுழைவு இலவசம், பஸ் காசு போதும்.

அலைச்சல்: சென்னைக்குக் குழித்துறையில் அனந்தபுரி ரயில் ஏறினால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். திருவனந்தபுரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கச்சேரி மாலையில், திறந்த முற்றத்தில். திரும்பும்போது கடற்கரை ரோட்டில் பனி தலையில் இறங்கும், போன வருஷம் துண்டு எடுக்காமல் போய் நான் நாலு நாள் தும்மினேன்.

பாட்டு: சென்னையில் ஒரே நாளில் பத்து சபா, பாட்டு இயற்றிய எல்லா வாக்கேயக்காரர்களும் உண்டு. குதிரமாளிகையில் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் இயற்றிய கிருதிகள் மட்டும், அதுவும் அவர் கட்டிய மாளிகை வாசலிலேயே.

கேட்டுப் பழகாதவன் திருவனந்தபுரம் போகட்டும். ராகம் பிடிபட ஆரம்பித்துவிட்டதா, சரி மக்கா, சென்னைக்கு இப்போதே டிக்கெட் போடு.