திரையை அணைத்தது யார்? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் என் நீண்ட நாள் அனுபவம்

"படித்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைஞ்சிடுது, எங்கே நிறுத்துறது?" என்று புதிதாக லினக்ஸுக்கு வந்த நண்பர் கேட்டார். பல வருடங்களாக தினமும் இதில்தான் வேலை. ஆனாலும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. என் கடுப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது.

கீபோர்டும் மவுஸும் அசையாவிட்டால் எதிரே ஆள் இல்லை என்பது சிஸ்டத்தின் கணக்கு. நீளமான கம்பைல் (எழுதிய நிரலை இயங்கும் நிரலாக மாற்றும் வேலை) ஓடும், கையைக் கட்டிக்கொண்டு லாக் வரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிச்சம் லேசாகக் குறையும், அப்புறம் இருட்டு. ஷிஃப்ட்டைத் தட்டினால் பாஸ்வேர்டு கேட்கும். அதைப் போட்டு உள்ளே வருவதற்குள் நான் காத்திருந்த எர்ரர் வரி மேலே ஓடிப்போயிருக்கும்.

திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ் 11 இருந்தவரை வைத்தியம் ஓரளவு தெரிந்தது. டெர்மினலில் 'எக்ஸ்செட் கியூ' (xset q) என்று கேட்டால் அதுவே நிலவரத்தைச் சொல்லும். ஸ்கிரீன்சேவருக்கு ஒரு நேரம், வழக்கமாக 600 வினாடி. மானிட்டரின் மின்சாரத்தைக் குறைக்கும் டிபிஎம்எஸ்ஸுக்குத் தனியாக இன்னொரு நேரம். முதலாவதை மட்டும் நிறுத்தினால் இரண்டாவது வந்து இருட்டாக்கும், அதனால் இரண்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். லாகவுட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதால், லாகின் செய்ததும் தானாக ஓடும் ஆட்டோஸ்டார்ட்டிலும் போட வேண்டும். அப்படியும் பின்னணியில் ஒரு பவர் மேனேஜர் ஓடினால், அது நாம் வைத்ததை மாற்றித் தன் நேரத்தை எழுதிவிடும்.

ஜன்னல்கள் இல்லாமல் எழுத்து மட்டும் வரும் டெக்ஸ்ட் கன்சோலின் சங்கதி வேறு. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 'கன்சோல்பிளாங்க்' என்ற அமைப்பின் கையில். முன்பு அதுவும் 600 வினாடிதான், கெர்னலின் 4.12 பதிப்பிலிருந்து இயல்பாகவே 0, அதாவது அணையவே அணையாது. அங்கே நிம்மதி.

எக்ஸ் 11-க்குப் பதிலாக வேலாண்ட் வந்த பிறகு திரையை அணைக்கும் அதிகாரம், ஜன்னல்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் கம்போசிட்டருக்குப் போய்விட்டது. பழைய குறிப்பைப் பார்த்து ஸ்கிரீன்சேவரை நிறுத்தும் 'எக்ஸ்செட் எஸ் ஆஃப்' (xset s off) கொடுத்தால் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறது, திரை வழக்கம்போல அணைகிறது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? இணையத்தில் கிடைக்கும் பாதிக் குறிப்புகள் இந்தக் கட்டளையைத்தான் இன்னும் சொல்கின்றன. புதிதாக வருபவர் அதை நம்பி ஒரு மாலையைத் தொலைப்பார்.

அதே வேலாண்ட் காலத்தில்தான் எனக்குப் பிடித்த ஒன்றும் கைக்கு வந்தது. க்னோம் டெஸ்க்டாப்பில் 'க்னோம்-செஷன்-இன்ஹிபிட்' (gnome-session-inhibit) என்று ஒரு கட்டளை. என் கம்பைல் கட்டளைக்கு முன்னால், 'ஐடில்' (ஆள் இல்லை என்று கருதும்) நிலையைத் தடுக்கச் சொல்லி அதைச் சேர்த்தால் போதும். வேலை ஓடும்வரை திரை அணையாது. முடிந்த கணமே தடை தானாக விலகிவிடும், பழைய நேரக்கணக்கு தொடரும். வீடியோ பிளேயர்கள் படம் ஓடும்போது செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஈ பிளாஸ்மாவில் இதை பேட்டரி ஐகானிலேயே வைத்திருக்கிறார்கள். திரையை எந்த அப்ளிகேஷன் விழிக்க வைத்திருக்கிறது என்று பெயரோடு காட்டுகிறது. அதைச் செய்தவர்களுக்கு மனதார நன்றி.

திரை அணையும் நேரத்தை ஒரேயடியாக 0 ஆக்கிவிடலாமே என்பார்கள். க்னோமில் தானியங்கிப் பூட்டு திரை அணைந்த பிறகுதான் விழும். அணைவதை நிறுத்தினால் பூட்டும் நின்றுவிடும். நாலு பேர் நடமாடும் அறையில் இப்படி விட்டுவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வராது. அதனால் நண்பருக்கு நான் சொன்னது: நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், நீண்ட வேலைகளுக்கு மட்டும் இன்ஹிபிட் போடுங்கள்.

இவ்வளவு பாராட்டிவிட்டும் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் 5க்கு 2தான் போடுவேன். யார் விழிக்க வைத்திருக்கிறார்கள் என்று காட்டத் தெரிந்திருக்கிறது. யார் அணைத்தார்கள் என்று சொல்ல ஓர் இடம் இல்லை. கெர்னலா, எக்ஸா, கம்போசிட்டரா, பவர் மேனேஜரா என்று ஒவ்வொரு கதவாக நான்தான் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'இந்த அமைப்பால், இத்தனை நிமிடத்தில் அணைந்தது' என்று ஒரே ஒரு வரி வந்தால் அன்றைக்கே 5 போட்டுவிடுவேன்.