டிராகன் குவெஸ்ட் 11 எஸ்: ஒரே கேம், 2டியிலும் 3டியிலும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் வாங்க ஆள் வராது. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கு அந்த நாட்களில் வேலை பாதிதான். இந்தத் தடைக்காலத்தில் நான் ஆடி முடித்தது டிராகன் குவெஸ்ட் 11 எஸ். சாதாரணமாகச் சொன்னால் அது ஒரு நீளமான ஜப்பானிய ஆர்.பி.ஜி., அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் கேம். ஊர் ஊராகப் போய், பேயோடு பிசாசோடு சண்டை போட்டு, உலகத்தைக் காப்பாற்றும் வழக்கமான கதை. ஆனால் இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. முழுக் கதையையும் 3டியில் ஆடலாம், இல்லையென்றால் பழைய காலத்து 2டியில், மேலிருந்து பார்க்கும் தட்டைப் படமாக ஆடலாம். அதே ஊர், அதே ஆட்கள், அதே வசனம். பழைய கேம்தான் உசத்தி என்கிறவர்களும் புதுசுதான் உசத்தி என்கிறவர்களும் வேறு வேறு கேமை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். இங்கே ஒரே தட்டில் இரண்டையும் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

கொஞ்சம் பின்கதை. இந்த வரிசையின் முதல் கேம் 1986இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் மெஷினில் வந்தது. அந்த மெஷினில் படம் முழுக்க எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டங்கள்தான். நடமாடும் ஒரு உருவத்தின் கட்டத்துக்கு மூன்றே நிறம். அதற்குள் ராஜாவையும் வேதாளத்தையும் வரைந்தாக வேண்டும். உருவங்களை வடிவமைத்தவர் அகிரா டோரியாமா, கதையை அமைத்தவர் யூஜி ஹோரி. நீலச் சொட்டு மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும் ஸ்லைம் அப்போது பிறந்ததுதான். மூன்றாம் பாகம் வந்ததும் எங்கள் பாம்பன் சாலைப்பாலம் திறந்ததும் ஒரே ஆண்டு, 1988. இந்த வரிசை முழு 3டிக்கு வந்தது 2004இல், எட்டாம் பாகத்தில். பதினொன்று 2017இல் ஜப்பானில் சோனியின் பிஎஸ்4 மெஷினுக்கு 3டியாகவும், இரண்டு திரை கொண்ட கையடக்க மெஷினான நிண்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு இரண்டு விதமாகவும் வந்தது. 3டிஎஸ்ஸில் தொடக்கத்தில் கொஞ்ச தூரம் மேல்திரையில் 3டியும் கீழ்த்திரையில் 2டியும் ஒரே நேரத்தில் ஓடும். அந்த 3டிஎஸ் பதிப்பு ஜப்பானைத் தாண்டவே இல்லை. 2019இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் மெஷினுக்கு வந்த எஸ் பதிப்பில்தான் 2டியையும் சேர்த்தார்கள். 2020 டிசம்பரில் அது கம்ப்யூட்டருக்கும் வந்தது. நான் ஆடியது அதை.

முதலில் 3டி. என் தங்கச்சி மகன் ஒன்பதாவது படிக்கிறான், போனில் சுடுகிற கேம் தவிர வேறு எதையும் மதிக்க மாட்டான். அவனே பக்கத்தில் உட்கார்ந்தான். ஹீலியோடார் என்ற தலைநகரத்துக்குள் நுழைந்ததும் அவன் கோட்டையை நிமிர்ந்து பார்த்தான். ‘மாமா, அந்தச் சந்துக்குள்ள போங்க. மாமா, அந்த மாடி மேல ஏறுங்க.’ கதை ஒரு பக்கம் காத்திருக்க, நாங்கள் ஊர் சுற்றினோம். 3டியின் பலம் இதுதான். ஒரு இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற நினைப்பை அது தருகிறது. வெளியே போனால் ஸ்லைம்கள் புல்வெளியில் துள்ளிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்றால் சுற்றிக்கொண்டு போகலாம், வேண்டும் என்றால் வாளால் ஒரு தட்டு தட்டிச் சண்டையைத் தொடங்கலாம். சண்டையும் நம் இஷ்டம்.

2டியில் அப்படி இல்லை. நாலு எட்டு வைத்தால் திரை புரண்டு சண்டை வந்துவிடும். எதிரி கண்ணுக்கே தெரியாது. பழைய ஆட்களுக்கு இது பழகிய தொல்லை, புதியவர்களுக்கு வெறும் தொல்லை. பையன் எழுந்து போய்விட்டான். ‘பொம்மைப் படம் மாதிரி இருக்கு’ என்றான் போகும்போது.

ஆனால் எனக்கு ஊர் மனதில் பதிந்தது 2டியில்தான். பாம்பன் சாலைப்பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் படகுகள் எப்படித் தெரியும்? எது நாட்டுப்படகு, எது விசைப்படகு, எந்தப் படகுக்குப் பின்னால் எது கட்டியிருக்கிறது, மீன் இறக்கும் இடம் எங்கே என்று எல்லாம் ஒரே பார்வையில் புரியும். கீழே இறங்கி மணலில் நின்றால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் படகின் அணியம், அதாவது முன்முனை மட்டும்தான் தெரியும், கூடவே டீசல் வாசனை. 2டி என்பது பாலத்தின் மேல். சத்திரம் இங்கே, கோயில் அங்கே, ஆயுதக்கடை கிணற்றுக்கு அந்தப் பக்கம். 3டியில் திரை ஓரத்து மினிமேப்பைப் (சின்ன வரைபடத்தை) பார்த்துப் பார்த்து நடந்த அதே ஊரில் 2டியில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். வேலையும் சீக்கிரம் முடிகிறது. 3டியில் படிக்கட்டு ஏறி இறங்கிப் போகும் தூரம் 2டியில் கொஞ்ச நேர நடை.

கதை சொல்வதில் எது தேறுகிறது என்பதுதான் பெரிய கேள்வி. ஆரம்பத்தில் ஒரு கட்டம் வரும். பெரிதாகக் கதை உடையாது, சொல்லலாம். நாயகன் சிறையிலிருந்து தப்பித் தன் சொந்தக் கிராமத்துக்கு வருகிறான். முதலில் ஊர் பழையபடி தெரிகிறது, தாத்தா உயிரோடு இருக்கிறார். பிறகு அது கடந்த காலத்தின் காட்சி என்று புரிந்து, நிஜத்தில் ஊர் சாம்பலாகக் கிடக்கிறது. 3டியில் இடிபாடு, புகை, இசை என எல்லாம் சேர்ந்து நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் நாயகன் வாயே திறப்பதில்லை. இந்த வரிசையில் நாயகன் பேசுவதில்லை, அது 1986இலிருந்து வரும் வழக்கம். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் குரல் கொடுத்துப் பேச, கேமரா கிட்டப் போய்க் காட்டும் அந்த அழகான முகம் மட்டும் பேசாமல் நின்றால் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரே எரிந்து கிடக்கிறது, ஒரு வார்த்தை சொல்லேன்டா என்று கத்தத் தோன்றுகிறது. 2டியில் யாருக்கும் குரல் இல்லை. கட்டை விரல் அளவு உருவம் கரிந்த வீடுகளுக்கு நடுவில் நடக்கிறது, அவ்வளவுதான். அது பேசாதது எனக்கு உறுத்தவில்லை, அது படும் பாட்டை நானே பட்டுக்கொண்டேன்.

இதை வைத்து 2டிக்கே மாலை போட்டுவிட முடியாது. லோனலூலு என்று ஒரு மீனவத் தீவு வருகிறது. ஒரு மீனவனுக்காகக் காத்திருக்கும் கடல்கன்னியின் கதை அங்கே நடக்கிறது. (எங்கள் பக்கம் ஆவுளியாவை, அதாவது கடல்பசுவைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் கடல்கன்னி என்றார்களாம். பார்த்த எவரும் அதற்கு அழகான முகம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.) அவளிடம் உண்மையைச் சொல்வதா, பொய் சொல்லி அனுப்புவதா என்று கேம் நம்மையே கேட்கிறது. 2டியில் அது இரண்டு வரி, ஒரு பொத்தான். 3டியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். நான் கொஞ்ச நேரம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். இந்த இடத்தில் 3டிக்கு ஈடில்லை. முடிவைச் சொல்ல மாட்டேன்.

அதே தீவில்தான் என் குறையும் தொடங்குகிறது. கரையோர நீர் அருமை, குருசடைத் தீவுப் பக்கம் காலை வெயிலில் தெரியும் அதே பச்சை. ஆனால் கப்பலை எடுத்துக்கொண்டு வெளியே போனால் எந்தத் திசையிலும் ஒரே கடல். இங்கே பிறந்தவன் தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பான். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், நடந்து போகும் தூரத்தில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். மார்கழியில் அப்படியே மாறும். நாட்டுக்கு நாடு பாலைவனம், பனிமலை என்று வித்தியாசம் காட்டியவர்கள் கடலுக்கு மட்டும் ஒரே நீலத்தை இழுத்துவிட்டார்கள். 2டியிலும் கடல் நீலக் கட்டம்தான், அலை என்று நாலு வெள்ளைக் கோடு. ஆனால் அதன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நிஜம் மாதிரி காட்டுகிறேன் என்று அது சொல்லவே இல்லையே. 3டி சொல்கிறது, அதனால் கேள்வி கேட்கிறேன்.

அப்புறம் மெஷின் விஷயம். என்னுடையது மதுரையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 3டியை எல்லா அமைப்பையும் குறைத்து வைத்தால் தட்டுத்தடுமாறி ஓடும், ஃபேன் மோட்டார் போட் மாதிரி இரையும். ஒவ்வொரு காட்சியையும் ஆயிரக்கணக்கான முக்கோணங்களாகப் போட்டு, மேலே தோல் ஒட்டி, வெளிச்சம் கணக்குப் பார்த்து, நொடிக்குப் பலமுறை புதிதாக வரைய வேண்டும். 2டியில் வரைந்து வைத்த கட்டங்களை எடுத்து அடுக்கினால் போதும். அதனால் லேப்டாப் சூடாகாமல் இருந்தது, கரண்ட் போன ராத்திரியிலும் பேட்டரியில் நெடுநேரம் தாக்குப்பிடித்தது. ஏற்கெனவே உப்புக்காற்றில் இரும்பெல்லாம் பூத்துப்போகும் ஊர். ஃபேன் குறைவாகச் சுற்றினால் உள்ளே போகும் காற்றும் குறைவு என்பது என் கணக்கு.

இடையில் 2டிக்கும் 3டிக்கும் மாற்றிக்கொள்ளலாமா என்றால், மாற்றிக்கொள்ளலாம். கோயில் பூசாரியிடமோ சேவ் செய்யும் சிலையிடமோ கேட்க வேண்டும். லெவலும் ஆயுதமும் கூடவே வரும், ஆனால் கதை அந்த அத்தியாயத்தின் ஆரம்பத்துக்குப் போய்விடும். நினைத்த நேரத்தில் ஒரு பொத்தானைத் தட்டி மாற்ற முடியாதது இந்தக் கேமின் பெரிய குறை. இரண்டையும் கொடுத்துவிட்டு நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். அதனால் அத்தியாயம் முடிந்த கையோடு மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆங்கிலம் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழில் எழுத்தும் இல்லை, குரலும் இல்லை. ஊருக்கு ஊர் வேறு வேறு கொச்சை ஆங்கிலம். கடல்கன்னிகள் எதுகை போட்டுப் பேசுகிறார்கள், ஹாட்டோ என்ற ஊரில் எல்லோரும் ஹைக்கூவிலேயே பேசுகிறார்கள். 3டியில் பல காட்சிகளில் குரல் இருப்பதால் பையனுக்கு ஓரளவு புரிந்தது. 2டியில் எல்லாவற்றையும் நாமே படித்தாக வேண்டும்.

என்னைக் கேட்டால்: நல்ல மெஷின் இருந்தால் 3டியில் தொடங்கி, ஊர்களை ஆசை தீரச் சுற்றுங்கள். இரண்டாம் முறை 2டியில் ஓட்டுங்கள், வேகமாகப் போகும். என்னைப் போல ஓட்டை லேப்டாப் என்றால் 2டியிலேயே முழுதாக முடிக்கலாம், கதையில் ஒன்றும் குறையாது. 3டியே போதும் என்கிறவர்களும் டிக்கிங்டன் என்ற கிராமத்தைத் தவற விடாதீர்கள். இந்த வரிசையின் பழைய பாகங்களின் உலகத்துக்குள் போகும் கிளைக்கதைகள் அங்கே இருக்கின்றன, அவை எல்லோருக்கும் 2டிதான். கம்ப்யூட்டர் கேம் விற்கும் தளமான ஸ்டீமில் இலவச டெமோ இருக்கிறது, பல மணி நேரம் ஆடலாம், அதில் ஆடியது முழு கேமுக்கும் தொடரும். முதலில் அதை இறக்கி உங்கள் மெஷின் தாங்குகிறதா என்று பாருங்கள். கோப்பு பெரிசு, மொபைல் டேட்டாவில் வேண்டாம்.