சீக்கிய வரலாறு படிக்க விக்கிப்பீடியா: புதுச்சேரி வாசகரின் மதிப்புரை

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி, சீக்கியர்களின் பத்தாம் குருவான குரு கோவிந்தரைப் பற்றிய நெடும்பாடலை விக்கிரம ஆண்டு 1756 என்று காலம் குறித்தே தொடங்குகிறார். அது 1699, பஞ்சாபின் ஆனந்தபூரில் வைசாகித் திருநாளன்று, தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவை அவர் தோற்றுவித்த ஆண்டு. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள பாரதி இல்லத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பாடலின் பின்னணியைத் தேடுகிறவர் கைப்பேசியில் முதலில் திறப்பது பெரும்பாலும் விக்கிப்பீடியாவைத்தான். அவருக்கு அது எவ்வளவு கைகொடுக்கும் என்பதே இங்கு என் கேள்வி.

நடுநிலை நோக்கு விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. இரு தரப்புக்கும் சரிபாதி இடம் ஒதுக்குவதே நடுநிலை என்று பலர் எண்ணுகிறார்கள். கொள்கை கேட்பது வேறு: நம்பத்தகுந்த நூல்களில் ஒரு கருத்து பெற்றிருக்கும் எடையே கட்டுரையிலும் அதற்குக் கிடைக்க வேண்டும், அது யாருடைய கருத்து என்பதும் தெரிய வேண்டும். எந்த நூல் நம்பத்தகுந்தது என்பதிலேயே பிணக்கு தொடங்கிவிடுவதுதான் சீக்கிய வரலாற்றின் சிக்கல்.

கோவிந்தரின் தந்தையும் ஒன்பதாம் குருவுமான தேக் பகதூர் 1675இல் ஔரங்கசீப் ஆட்சியில் தில்லியில் கொல்லப்பட்டதை எவரும் மறுப்பதில்லை. காரணம் குறித்துத்தான் கருத்து வேறுபாடு. மதமாற்ற நெருக்கடிக்கு ஆளான காஷ்மீரப் பண்டிதர்களுக்காக அவர் உயிர் கொடுத்தார் என்பது சீக்கிய மரபு. ஏறத்தாழ நூறாண்டு கழித்து எழுதப்பட்ட ஒரு பாரசீக வரலாறோ அவர் கொள்ளையில் ஈடுபட்டதாகக் குற்றம் சாட்டுகிறது. அந்தச் செய்தியை ஒட்டி மைய அரசின் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றிருந்த பகுதி, எதிர்ப்புக்குப் பின் 2001இல் நீக்கப்பட்டது. குரு கோவிந்தர் தம் வரலாற்றைத் தாமே சொல்வதாக அவர் பெயரால் வழங்கும் ‘பசித்தர் நாடகம்’ என்ற செய்யுள் நூல், அவருடைய தந்தை திலகத்தையும் பூணூலையும் காக்க உயிர் நீத்தார் என்று சொல்கிறது. ஆனால் அந்த நூலின் ஆசிரியர் யார் என்பதையே சீக்கிய அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். இவ்வளவையும் ‘சிலர் இவ்வாறு கூறுவர், வேறு சிலர் அவ்வாறு கூறுவர்’ என்று இரண்டு வரியில் அடக்குவது நடுநிலை அன்று, சோம்பல். எந்தச் சான்று எப்போது, யாரால் எழுதப்பட்டது என்று கட்டுரை சொன்னால்தான் வாசகர் எடைபோட முடியும்.

ஆங்கிலேயர் காலத்து நூல்களைச் சான்றாக ஏற்க ஆங்கிலப் பதிப்பின் தொகுப்பாளர்களில் பலர் தயங்குகிறார்கள். 1877இல் வெளிவந்து சீக்கியர்களின் மனத்தைப் புண்படுத்திய எர்ன்ஸ்ட் டிரம்ப் என்ற ஜெர்மானியரின் ஆதி கிரந்த (சீக்கியத் திருமறை) மொழிபெயர்ப்பை நினைத்தால் அந்தத் தயக்கம் நியாயம்தான். ஆனால் சீக்கிய அறிஞர்களோடு கலந்து உழைத்து, 1909இல் ஆறு தொகுதிகளாக ஆங்கிலேய ஆட்சியின் முன்னாள் அதிகாரி மெக்காலிஃப் வெளியிட்ட சீக்கிய சமய நூலையும் அதே கூடையில் போட்டு ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

பாரதியின் பாடலில் குரு, தேவியின் தாகம் தணிக்கக் குருதி கேட்கிறார். கால்சாவைத் தோற்றுவிக்கும் முன் குரு தேவியை வழிபட்டார் என்ற கதை, 19ஆம் நூற்றாண்டில் சந்தோக் சிங் இயற்றிய, குருமார்களின் வரலாறு கூறும் சூரஜ் பிரகாஷ் என்ற காவியத்திலும் உண்டு. 1873இல் தொடங்கிய சிங் சபா என்ற சீக்கியச் சீர்திருத்த இயக்கத்தின் வழிவந்த அறிஞர்கள் பலர், ஒரே இறைவனைப் போற்றும் குருவின் நெறிக்கு இது முரண் என்று மறுத்தார்கள். பாடலைப் படித்துவிட்டுக் கட்டுரைக்கு வருகிறவர் அங்கே தேவியைக் காணாவிட்டால், யாரோ வேண்டுமென்றே மறைத்துவிட்டதாக ஐயுறக்கூடும். கதைக்கும் மறுப்புக்கும் உரிய காலம் தெரிந்தால் அந்த ஐயம் எழாது. முதல் குருவான நானக்கின் பிறந்தநாளும் இப்படித்தான்: அவருடைய வாழ்க்கைக் கதைகளான பழைய ஜனம்சாகிகள் வைசாக மாதம் என்கின்றன, கொண்டாட்டமோ கார்த்திகைப் பௌர்ணமியில் நடக்கிறது.

கட்டுரையைவிட எனக்குப் பயன்பட்டவை அதன் பின்னால் இருக்கும் இரண்டு பக்கங்கள். ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதைத் தட்டினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே, சேர்த்த அளவு பச்சையிலும் நீக்கிய அளவு சிவப்பிலும் எண்ணாகத் தெரியும். பெரிய சிவப்பு எண் ஒன்றையடுத்து அதே எண் பச்சையில் வந்து, மறுபடியும் சிவப்பில் வந்தால், அந்தப் பத்தியில் சண்டை நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒருவரே 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மாற்றத்தை மீளமைக்கக் கூடாது என்ற விதி ஆங்கிலப் பதிப்பில் இருப்பதால், வழக்கு அதன்பின் உரையாடல் பக்கத்துக்குப் போகிறது. அங்கே சினமும் உண்டு, சரக்கும் உண்டு; நூல்பெயரும் பக்க எண்ணும் தந்து பேசுகிறவர்களை மட்டும் படித்தால் போதும்.

தமிழ்ப் பதிப்பின் கட்டுரைகள் ஆங்கிலத்தை நோக்கச் சிறியவை. சண்டை குறைவு, ஆனால் சான்றும் குறைவு. கட்டணம் ஏதுமில்லாத இந்தச் சேவையைக் குறை சொல்வதைவிட, நம்மூர்க்காரர் யாரேனும் பாரதி பாடலைப் பற்றிய ஒரு பத்தியை அதில் சேர்க்கலாம். அந்தப் பத்தி 1699இல் ஆனந்தபூரில் நடந்தது இதுதான் என்பதற்குச் சான்றாக வரக்கூடாது. அந்தக் கதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழுக்கு எந்த வடிவில் வந்து சேர்ந்தது என்பதற்குச் சான்றாக வரட்டும்.